குமுதா அடித்த இருபதாயிரம் வரி

கையெழுத்துப் போட முடியாது என்று குமுதா சொன்னாள். அனுஜா அது காதில் விழாத மாதிரி பேனாவை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினாள்.

"விளங்கேல்லையா? இங்கே, கோட்டுக்கு மேலே."

"விளங்குது மிஸ். விளங்கித்தான் போட மாட்டேங்கறேன்."

மேசைமேல் கிடந்த தாளில் மூன்றே வரி, மலாயில் அடித்திருந்தது. கவனக்குறைவால் நேரத்தைத் தவறாகத் தட்டச்சு செய்தேன், பிழைக்கு நானே பொறுப்பு, இப்படிக்கு சன்னாசி மகள் குமுதா. செத்துப்போன அப்பன் பேரையும் சேர்த்து இழுத்திருந்தார்கள். 

ஈப்போவில் கடல் ஏது? எந்தப் பக்கம் திரும்பினாலும் சுண்ணாம்பு மலைதான் நிற்கும். ஆனாலும் ஒரு கடைவீட்டில், கீழே டயர்க்கடை, மாடியில் கடல் என்று ஓர் ஆபிஸ் நடந்தது. கரையோரங்களில் அந்தக் காலத்திலிருந்து எழுதி வைத்த தாள்களெல்லாம் அங்கே வந்து சேரும். கடல்நீர் எவ்வளவு சூடு, எவ்வளவு உப்பு, எத்தனை மணிக்கு ஏறி நின்றது, எத்தனை மணிக்கு இறங்கி நின்றது, எல்லாம். கரையான் தின்றது போக மிச்சத்தைப் படித்து, கணினியில் அடித்து, சரிபார்த்து, இணையத்தில் ஒரு பக்கம் திறந்து போட்டுவிடுவார்கள். தோட்டத்துப் பொதுக்குழாய் மாதிரிதான் அது. உலகத்தில் எவரும் குடத்தைக் கொண்டுவந்து பிடித்துக்கொள்ளலாம். ஆனால் குழாயின் தலைமேல் ஒரு பலகை தொங்க வேண்டும். எந்த இடத்துத் தண்ணீர், யார் அளந்தது, எதைக் கொண்டு அளந்தது, யார் அடித்தது, பிறகு யார் எதைத் திருத்தியது, அத்தனையும் அதில் இருக்க வேண்டும். பலகை இல்லாத தண்ணீரை ஆராய்ச்சிக்காரர்கள் வாயில் வைக்க மாட்டார்கள்.

குமுதாவின் வேலை அடிப்பது. ஐம்பத்திரண்டு வயது. சித்தியவான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, மூன்றாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தி, பதினேழு வயதில் ஈப்போவுக்கு வந்தவள். இருபத்து நான்கு வருஷம் ஓர் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் நுண்ணோக்கியின் கண்ணாடிக்குழலில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அங்கே அவளுக்குப் பேர் கிடையாது, 4417 என்றுதான் கூப்பிடுவார்கள். ஃபேக்டரியை மூடியதும் கோயில் மண்டபத்தில் நடந்த கணினி வகுப்பில் சின்னப் பெண்களோடு உட்கார்ந்து தட்டச்சு பழகினாள். சிரித்தவர்கள் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் இந்த ஆபிஸில் சேர்ந்து ஆறு வருஷம் ஆயிற்று.

அவளுக்குக் கொடுத்த பெரிய வேலை, அவள் பிறந்த அதே தோட்டத்து ஜெட்டியின், அதாவது படகுத்துறையின், தாள்கள். எழுபத்தாறிலிருந்து எண்பத்தொன்பது வரை, ஒரு நாளைக்கு நான்கு வரி. இருபதாயிரம் வரி இருக்கும். எழுதியது பத்துமலை. ஆற்று முகத்தில் ஜெட்டியைக் காவல் காத்துக்கொண்டு, தண்ணீரில் நட்ட அளவுக்கம்பைப் பார்த்துப் பார்த்து எழுதியவர். எட்டு மாதம் கண் எரிய எரிய அடித்து முடித்தாள். இணையத்தில் அந்தப் பக்கம் திறந்த அன்றைக்கு, கீழே தட்டச்சு செய்தவர் குமுதா என்று போட்டிருந்தார்கள். பஸ்ஸில் போகும்போதெல்லாம் கைப்பேசியில் அதைத் திறந்து பார்ப்பாள். உலகத்தில் அவள் பேர் அச்சாகி நின்ற இடம் அது ஒன்றுதான்.

இப்போது அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது. 'நேரப் பிழை கண்டறியப்பட்டது. காரணம், தட்டச்சர் குமுதாவின் கவனக்குறைவு.'

எழுதியது அனுஜா. தரவு மேலாளர். முப்பத்து நான்கு வயது, இரண்டு பட்டம். தாத்தா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவராம். அதை யாரும் கேட்காமலே மாதத்துக்கு ஒருமுறை சொல்லிவிடுவாள். சும்மா சொல்லக்கூடாது, வேலையில் கெட்டிக்காரிதான். ஆபிஸில் உள்ள படிவங்களை எல்லாம் அவள்தான் வரைந்தாள். அளவுக்கம்பு எந்த மரம், எந்த வருஷம் சாயம் பூசியது என்பது வரைக்கும் கேள்வி வைத்திருந்தாள். ஆனால் அந்தக் கம்பைப் பார்த்து எழுதிய மனுஷனைப் பற்றி ஒரு கேள்வி வைக்கவில்லை.

சங்கதி இதுதான். ஜப்பானில் ஓர் ஆராய்ச்சிக்காரர் ஜெட்டியின் தரவை இறக்கிப் பார்த்திருக்கிறார். கடல் எந்த நேரம் ஏறும், இறங்கும் என்று கணக்கிட்ட நீரேற்ற அட்டவணையோடு ஒப்பிட்டால் எண்பத்தொன்று முடியும் வரை எல்லாம் ஒழுங்காக உட்காருகிறது. எண்பத்திரண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து பார்த்தால், தண்ணீர் தினமும் அரை மணி முந்தியே ஏறுகிறது, அரை மணி முந்தியே இறங்குகிறது. எப்படி என்று கேட்டு எழுதியிருந்தார்.

அனுஜா அந்தக் கடிதத்தைத் திரையில் காட்டினாள். தேதியைப் படித்ததும் குமுதா என்ன செய்தாள் என்றால், சிரித்துவிட்டாள். சிரித்திருக்கக் கூடாது.

"என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கு?"

"ஐயோ மிஸ், அது தோட்ட மணிலா! பத்துமலை எழுதுனது தோட்ட மணி."

"அதென்ன?"

குமுதா சொன்னாள். அந்த வருஷம் முதல் தேதி நாடே கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தது. தோட்டத்து மேனேஜர் மட்டும் தள்ளவில்லை. பால் மரம் கவர்மெண்டு சொல் கேட்காது, விடியற்காலைக் குளிரில்தான் பால் இறங்கும், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் கூடுகிற நேரத்தை நான் மாற்ற மாட்டேன் என்று ஆபிஸ் கடிகாரத்தை அப்படியே விட்டுவிட்டார். அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் தண்டவாள இரும்பில் மணி அடிப்பார்கள், ஜெட்டியில் பத்துமலையும் தன் வாட்சைத் திருப்பி வைத்துக்கொள்வார். அதனால் ஊருக்கு ஆறரை என்றால் தோட்டத்துக்கு ஆறு. பள்ளிக்கூடம் மட்டும் டவுன் மணிக்கு நடக்கும். மூன்றாம் வகுப்பில் இரண்டு மணியும் குழம்பி, குமுதா வாரத்துக்கு இரண்டு நாள் முட்டியில் ரூல்தடி வாங்கினாள்.

அனுஜா கேட்டு முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"தோட்டத்துக்குத் தனி நேரம். நாளைக்குத் தோட்டத்துக்குத் தனிச் சூரியன் எண்டும் சொல்லுவீங்க."

"நெசமா மிஸ். தோட்டத்து ஆளு யார வேணும்னாலும் கேளுங்க."

"சரி, உண்மையெண்டே வைப்பம். உங்களுக்குத் தெரியும்தானே? அடிக்கேக்க ஏன் குறிப்பில எழுதேல்லை?"

 ஏன் எழுதவில்லை? எழுதவேண்டும் என்று தோன்றவே இல்லை, அதுதான் உண்மை. சோற்றுப்பானைமேல் இது வெந்தது என்று யாராவது எழுதி ஒட்டுவார்களா? தோட்டத்துத் தாளில் தோட்ட மணிதான் இருக்கும். அது தெரியாத மனுஷரும் உலகத்தில் இருப்பார்கள், அவர்களும் இதைப் படிப்பார்கள் என்று எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட அவள் நினைக்கவில்லை.

"பாத்தீங்களா? பதிலில்லை. சும்மா கதை கட்ட வேண்டாம். தோட்டத்துக் கடிதம், சுற்றறிக்கை, ஏதாவது தாள் இருக்குதா?"

"தோட்டமே இல்ல மிஸ். மரத்தெல்லாம் வெட்டி வீடு கட்டிட்டாங்க. ஆளு இருக்காரு. பத்துமலை லகாட்ல இருக்காரு."

"ஆள் ஆதாரம் இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் வரைக்கும் நேரம். கையெழுத்து வைச்சா ஒப்பந்தம் தொடரும். வைக்காட்டி இந்த மாதத்தோட சரி. பக்கத்தில போட்ட வரி எப்பிடியும் நிக்கும்."

அன்று செவ்வாய்க்கிழமை. வீடு இருக்கும் புந்தோங்குக்குப் பஸ் ஏறும்போது குமுதா கைப்பேசியைத் திறக்கவில்லை.

வீட்டில் புருஷன் கனகராஜ் முழுக்கதையையும் கேட்டான். ஐஸ் லோரி ஓட்டுகிறவன், எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஆள்.

"போட்டுக் குடுத்துட்டு வேலையப் பாரு. கடல்ல போற கப்பலா நின்னு ஒன் பேரப் படிக்கப் போவுது?"

"ஜப்பான்காரன் படிச்சிட்டான்ல?"

"படிச்சா? ஒன்ன அங்க பொண்ணு கேக்கப் போறானா?"

"வாய மூடு. இருபத்து நாலு வருஷம் நம்பரா இருந்தேன். ஒரு எடத்துல பேரு வந்திச்சு. அது பக்கத்துல இவ எச்சியத் துப்பி வச்சிருக்கா. நான் தொடைக்காம விடணுமா?"

"அப்ப வேல போச்சுன்னா?"

"போவட்டும். தப்பா அடிச்சிருந்தா நானே அவ கால்ல விழுந்திருப்பேன். அடிக்கல."

 அவள் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டால் பேசிப் பிரயோசனம் இல்லை என்பது கனகராஜுக்கு முப்பது வருஷப் பழக்கம்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு குமுதா லகாட்டுக்குப் போனாள். போகும்போதே தெரியும், அந்த வீட்டில் அவளுக்குத் தண்ணீர்கூடக் கிடைக்காது என்று. இரண்டு குடும்பமும் பேசி நாற்பது வருஷம் ஆகிறது. எண்பத்தைந்தில் தோட்டத்தில் பதினொரு நாள் வேலைநிறுத்தம். ஒரு சனம் மரத்தடிக்குப் போகவில்லை. பத்துமலை மட்டும் ஜெட்டியில் கம்பைப் பார்த்துக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்தார். பெரட்டுக் களத்தில் நூறு பேர் முன்னால் குமுதாவின் அப்பன் சன்னாசி அவரைக் கருங்காலி என்று கூப்பிட்டான். "தண்ணி வேலநிறுத்தம் பண்ணுதாடா?" என்று பத்துமலை திருப்பிக் கேட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கல்யாணம் இல்லை, சாவு இல்லை.

பத்துமலையின் மகள் நவமணி கேட்டைத் திறக்காமல் உள்ளே நின்றபடியே பேசினாள்.

"எங்கப்பாகிட்ட ஒனக்கு என்ன பேச்சு? உங்கப்பாரு செத்ததுக்கே நாங்க வரல."

"நான் ஒறவு கொண்டாட வரல நவமணி. ஜெட்டித் தாளு விஷயமா ஒரு வார்த்த கேக்கணும்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரு?"

"சன்னாசி மவப்பா."

"கருங்காலி வீட்டுல அவளுக்கு என்ன வேலையாம்? போவச் சொல்லு."

குமுதா போகவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. கெஞ்சினால் இந்த ஆள் இறங்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அந்தத் தோட்டத்துச் சனத்தை எதைத் தொட்டால் எழுந்து வருவார்கள் என்பதும் தெரியும். கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

"ஜெட்டியில எழுதுன மணியெல்லாம் தப்பாம்! ஆபிஸ்ல சொல்றாங்க! கடிகாரம் பாக்கத் தெரியாத ஆளு வருஷக்கணக்கா ஒக்காந்து கிறுக்கி வச்சிருக்கான்னு!"

ஆபிஸில் அப்படி யாரும் சொல்லவில்லை. அவர்கள் கிழவரை நினைக்கக்கூட இல்லை. இருந்தாலும் அந்தப் பொய்க்காக அவள் பிறகு வருத்தப்பட்டதில்லை.

எண்பத்து நான்கு வயதுக் கிழவர், கைலியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"எவன்டா சொன்னது? எவன் சொன்னது? வரச் சொல்லு அவன! நடுராத்திரி தண்ணி நின்னாலும் டார்ச்சு எடுத்துட்டு எறங்கிப் பாத்து எழுதுனவன் நான். மணி தப்பா? தொர மணிடி அது! எண்பத்திரண்டுல கவர்மெண்டு மாத்துனான், தொர மாத்தல. நான் யாரு மணிய எழுதுவேன்? எனக்குச் சோறு போட்டவன் மணியத்தான் எழுதுவேன்!"

"அப்புறம் எப்ப மாத்துனீங்க?"

"எண்பத்தேழு. சீனப் பெருநாள் லீவு முடிஞ்ச திங்கக்கெழம. புது மேனேஜர் வந்தான்ல, ஒல்லியா. வந்த அன்னிக்கே ஸ்டூல் போட்டு ஏறி ஆபிஸ் கடிகாரத்த டவுன் மணிக்கு மாத்துனான். அன்னிக்கே நானும் வாட்ச மாத்திட்டேன். ஒரு நாளு முந்தல, ஒரு நாளு பிந்தல. போயி சொல்லு ஒங்க ஆபிஸ்காரனுக்கு!" சொல்லிவிட்டு அவள் கையிலிருந்த கைப்பேசியைப் பார்த்தார். "அது என்ன, புடிக்கிறியா?"

"ஆமா. நீங்க பேசுனது பதிவாயிருக்கு."

"சன்னாசி மவதானே. சூது வராம எங்க போவும்."

"உங்க பேரப் போட்டு எழுதலாமா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க."

"போடு. பத்துமலைன்னு போடு. தப்பா எழுதுனான்னு எவனும் சொல்லக்கூடாது. போட்டுட்டு இந்தப் பக்கம் வராத."

நவமணி உள்கதவைச் சாத்தினாள். குமுதா பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். தொண்டை காய்ந்து போயிருந்தது, ஆனால் காலில் ஒரு வேகம்.

வியாழக்கிழமை காலை ஆபிஸில் முதல் வேலையாக எண்பத்தேழாம் வருஷத்தைத் திறந்தாள். ஒரு பக்கம் அவள் அடித்த வரிகள், இன்னொரு பக்கம் அந்த வருஷத்து நீரேற்ற அட்டவணை. ஜனவரி முழுக்க அரை மணி இடிக்கிறது. முப்பதாம் தேதி இடிக்கிறது, முப்பத்தொன்று இடிக்கிறது, பிப்ரவரி முதல் தேதி ஞாயிறு, அன்றும் இடிக்கிறது. இரண்டாம் தேதி திங்கட்கிழமை. ஒட்டி உட்கார்ந்துவிட்டது. மூன்றாம் தேதியும், நான்காம் தேதியும், அதற்குப் பிறகு எண்பத்தொன்பது கடைசி வரைக்கும். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தின ஒரு திங்கட்கிழமையைக் கிழவர் மனசில் ஆணி அடித்து வைத்திருந்தார்.

இரண்டு பக்கத்தையும் அச்செடுத்துக்கொண்டு அனுஜாவின் அறைக்குப் போனாள்.

"மிஸ், இந்தத் தேதிய மட்டும் பாருங்க. கவனக்கொறைவு ஒரு நாளு வரும், ஒரு வாரம் வரும். அஞ்சு வருஷம் ஒரு மாசம் வந்துட்டு, சீனப் பெருநாளு முடிஞ்ச திங்கக்கெழம காலைல நின்னுடுமா?"

அனுஜா தாளைத் தொடவில்லை. "இதை யார் உங்களிட்ட ஆராயச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"அடிக்க எடுத்த ஆள் நீங்க. ஆராய எடுக்கேல்லை. ஒரு தோட்டத்துக் கிழவர் கத்தினதைக் கேட்டு உலகத்துக்குக் குடுக்கிற தரவில கை வைக்கேலாது. எனக்கு மேல இருக்கிறவைக்கு நான் ஏற்கெனவே தட்டச்சுப் பிழை எண்டு எழுதிக் குடுத்திட்டன்."

அந்தக் கடைசிப் பேச்சில்தான் குமுதாவுக்குப் புரிந்தது. இவளுக்கும் அது தெரியும். பார்த்தால் ஒத்துக்கொள்ள வேண்டி வரும், அதனால் பார்க்கமாட்டாள்.

இடத்துக்குத் திரும்பி வந்தால் கணினி உள்ளே விடவில்லை. அவளுடைய கடவுச்சொல்லை நிறுத்தியிருந்தார்கள். அன்று முழுக்க வெற்று மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் காப்பி வாங்கப் போகும்போது அவளைக் கேட்கவில்லை.

ஆனால் பொதுக்குழாய்க்குப் பூட்டுப் போட முடியாதே. அந்தப் பக்கத்தின் அடியில், தரவை எடுக்கிறவர்கள் கேள்வி கேட்கவும் கருத்துச் சொல்லவும் ஓர் இடம் திறந்தே இருக்கும். ஆபிஸ் ஆளாக இருக்கவேண்டும் என்பதில்லை, யாரும் எழுதலாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு, கைப்பேசியில் ஒவ்வொரு எழுத்தாக மலாயில் அடித்தாள். கனகராஜ் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான்.

"இதப் போட்டா வேல கண்டிப்பா போச்சு."

"கொழம்பப் பாரு, பொங்குது."

அவள் எழுதியது இவ்வளவுதான். 'இந்தத் தாள்களை அடித்தது நான். தாளில் இருந்ததை இருந்தபடி அடித்தேன். 1982 ஜனவரி 1 முதல் 1987 பிப்ரவரி 1 வரை ஜெட்டியில் எழுதிய நேரம் தோட்டத்துக் கடிகாரத்தின் நேரம், அது நாட்டு நேரத்துக்கு அரை மணி பின்தங்கியது. பிப்ரவரி 2 அன்று கடிகாரத்தை மாற்றினார்கள் என்று அளவெடுத்த பத்துமலை சொல்கிறார், குரல் பதிவு இருக்கிறது. அந்தத் தேதியில் தரவையும் பாருங்கள். தோட்டத்தில் பிறந்ததால் எனக்கு இந்த நேரம் தெரியும். தெரிந்தும் எழுதாமல் விட்டது என் தவறு. தவறாக அடித்தேன் என்பது பொய். குமுதா.'

உன் தவறை ஏன் அதில் சேர்த்தாய் என்று கனகராஜ் கேட்டான். இருக்கிறதை எழுதினால் முழுக்க எழுதவேண்டும் என்றாள். பொத்தானை அழுத்தினாள். குழம்பு பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் கையெழுத்துப் போடவில்லை. அனுஜா கவரை நீட்டினாள். மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது, நன்றி. குமுதா கவரைப் பிரித்து, நின்ற இடத்திலேயே கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் பைக்குள் வைத்தாள்.

ஜப்பான்காரரின் பதில் ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் வந்துவிட்டது. ஐந்து வருஷம் ஒரு மாதத்தை மட்டும் அரை மணி தள்ளிப் பார்த்தேன், எல்லாம் பொருந்துகிறது, குமுதாவுக்கும் பத்துமலைக்கும் நன்றி என்று எழுதியிருந்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அளவுக்கம்பின் சாயம் வரைக்கும் கேட்கிற உங்கள் படிவத்தில், எந்தக் கடிகாரத்தைப் பார்த்து எழுதினார்கள் என்ற கேள்வி ஏன் இல்லை என்றும் கேட்டிருந்தார். உலகமே படிக்கிற இடத்தில்.

திங்கட்கிழமை காலை அனுஜாவின் முகம் வெளுத்திருந்தது. கதவைச் சாத்திவிட்டுத்தான் ஆரம்பித்தாள்.

"எல்லாருக்கும் முன்னால என்ட பெயரைக் கெடுத்துப் போட்டீங்க! வீட்டுச் சண்டையை வெளியில கொண்டுபோய்... இதுதான் நீங்க படிச்ச பண்போ?"

"எம்பேரக் கெடுத்தப்ப அது பேரு இல்லியா மிஸ்?"

"நான் வேணுமெண்டு செய்யேல்லை."

"முதல்ல வேணும்னு செய்யல. ஒத்துக்கறேன். வியாழக்கெழம தாளத் தொடாம இருந்தீங்கல்ல, அது வேணும்னுதான் செஞ்சீங்க."

 அனுஜா குரலை இறக்கினாள். "மேலிடத்தில இருந்து போன் வந்தது. இண்டைக்கே சரிப்படுத்தச் சொல்லி. அந்த வரியை எடுத்துவிடுறன். உங்கட பெயர் அதில இராது. போதும்தானே?"

"எடுத்தா போதாது மிஸ். பழைய பதிப்பத் தொறந்தா அந்த வரி இன்னும் அங்கதான் இருக்கும். சொல்லாம எடுத்தீங்கன்னா, தப்பு செஞ்சவளுக்குப் பாவம் பாத்து எடுத்துட்டாங்கன்னுதான் நெனப்பாங்க. புதுசா ஒரு வரி போடுங்க. முன்ன போட்டது தப்புன்னு."

"என்ட கையால நானே தப்பெண்டு எழுதவோ?"

"எங்கையால ஒத்துக்க வைக்கப் பாத்தீங்கல்ல? என் தப்ப நான் எழுதிட்டேன். இப்ப நீங்க எழுதுங்க."

குமுதா போய் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அனுஜா உட்காரச் சொல்லவும் இல்லை, அவள் உட்காரவும் இல்லை. அனுஜா விசைகளைக் குத்து விடுகிற மாதிரி அடித்தாள். முந்தைய குறிப்பு தவறானது. தட்டச்சில் பிழை இல்லை. நேரம் தோட்டத்துக் கடிகாரத்தின்படி. தகவல் தந்தவர்கள் பத்துமலை, குமுதா.

"தட்டச்சர் இதை அறிந்தும் குறிப்பில எழுதேல்லை. இதையும் போடப் போறன்."

"போடுங்க. நெசந்தானே. கூடவே, படிவத்துல அதுக்குக் கேள்வி இல்லன்னும் போடுங்க."

விசைகள் நின்றன. கீழே டயர்க்கடையில் காற்று பிடிக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. குமுதா நகரவில்லை. நாலு நிமிஷமோ ஐந்து நிமிஷமோ, அனுஜா அதையும் அடித்தாள். வெளியிடும் பொத்தானை அழுத்தினாள். பக்கம் புதிதாகத் திறந்தது. குமுதா மூக்குக்கண்ணாடியை இறக்கி, முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரைக்கும் விரலை வைத்துப் படித்தாள்.

"சரியா இருக்கு."

"ஒப்பந்தத்தில மாற்றமில்லை. அது கையெழுத்தாகிப் போச்சு."

"நான் கேக்கல."

கதவுப் பிடியில் கை வைத்தபோது பின்னாலிருந்து அனுஜா கூப்பிட்டாள். பெயர் சொல்லவில்லை, "இஞ்ச" என்றாள்.

"அலமாரியில இன்னும் மூண்டு தோட்டத்து ஜெட்டித் தாள் கிடக்கு. அங்கேயும் இப்பிடித் தனி நேரம் இருந்ததோ?"

"தெரியாது மிஸ். ஒவ்வொரு தொரைக்கும் ஒவ்வொரு புத்தி. ஒரு எடத்துல முன்னால வச்சிருப்பான், ஒரு எடத்துல பின்னால."

"அப்ப யாரைக் கேக்கிறது?"

"எழுதுன ஆளுங்களத்தான். எம்பது தொண்ணூறு வயசு இருக்கும், சீக்கிரம் போங்க." குமுதா கதவைத் திறந்தாள். "போனா கேட்டத் தொறக்க மாட்டாங்க. வெயில்ல நிக்கணும். தொப்பி எடுத்துக்குங்க."